வேர்த்தால் முகம் பளபளக்குமா?

கேள்வி, 2 ஏப்ரல் 2025

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நகைக்கடையில் வேலை. காலை 10 மணிக்கு உள்ளே போனால் இரவு 9 வரை ஏசிதான், ஒரு சொட்டு வேர்வை கிடையாது. தோல் வறண்டு கிடக்கிறது. கூட வேலை செய்கிற அக்கா, "நல்லா வேர்க்க வேர்க்க நட, உடம்புக் கழிவெல்லாம் வெளிய போயிடும், முகம் பளபளன்னு ஆயிடும்" என்றார். பத்து நாளாக மூக்கனேரிக் கரையில் காலையில் வேகமாக நடக்கிறேன். முதல் இரண்டு நாள் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. இப்போது நெற்றியிலும் முதுகிலும் பொரிப்பொரியாக வந்து அரிக்கிறது. எங்கள் ஆயா, "வேர்க்கிற உடம்புக்கு நோய் வராது" என்கிறார். வேர்வை தோலுக்கு நல்லதா, கெட்டதா? நடையை நிறுத்திவிடவா?

2 ஏப்ரல், இரவு 10.50

நடையை நிறுத்தாதே கண்ணு. என்ன துணி போட்டுக்கொண்டு நடக்கிறாய், நடந்து முடித்து எத்தனை மணிக்குக் குளிக்கிறாய், அதை முதலில் சொல்.

3 ஏப்ரல், காலை 6.20

நேற்று கரண்ட் போய்விட்டது, பாதியில் நின்றது.

நான் டாக்டர் இல்லை. அம்மாபேட்டையில் 22 வருஷமாக ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு ஃபேன், பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி. வேர்வையைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாதி என் உடம்பிலிருந்து, மீதி அளவு ஜாக்கெட்டுகளிலிருந்து. ஒருத்தருக்கு எங்கே எவ்வளவு வேர்க்கிறது என்பதை அவர் கொண்டுவரும் அளவு ஜாக்கெட் சொல்லிவிடும். கறுப்பு ஜாக்கெட் என்றால் கைக்குழியைச் சுற்றி வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக, ஏரித் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழுகிற கோடு மாதிரி. கொக்கி துருப்பிடித்திருக்கும். நூல் இற்றுப்போய், லேசாக இழுத்தாலே பட்டென்று பிரியும்.

வேர்வையில் 100க்கு 99 பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும்பங்கு இந்த உப்பு, அப்புறம் கொஞ்சம் யூரியா, லாக்டேட். உடம்பு முழுக்க 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் வேலை சூட்டைக் கொண்டுபோவது. கழிவைக் கழிப்பது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. அந்த அக்கா சொன்னதில் கழிவுக் கதையை விட்டுவிடு.

பளபளப்பு மட்டும் உண்மை. நடக்கும்போது சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடி வரும், மேல்தோலில் ஈரமும் ஏறும். முகம் சிவந்து மினுங்கும். ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். கல்யாணப் பெண்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் வேர்க்க வேர்க்க ஓடிப் பலன் இல்லை.

3 ஏப்ரல், மதியம் 2.10

நீ எழுதியதைப் படித்தேன். ஆஃபரில் வாங்கிய இறுக்கமான பாலியஸ்டர் டீ-சர்ட். தலை நிறையத் தேங்காய் எண்ணெய். வழியில் டீ, வீட்டுக்கு வந்து சமையல், ஃபோன், அப்புறம் எட்டரைக்குத்தான் குளியல். ஆறரைக்கு வேர்த்த முதுகு எட்டரை வரை அந்தத் துணிக்குள்ளேயே ஊறுகிறது. நெற்றிக்குத் தலையெண்ணெய் வேர்வையோடு வழிந்து வருகிறது. நடைக்கு முன் எண்ணெய் வைக்காதே, ராத்திரி வைத்துக் காலையில் அலசிவிடு. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம் குளியல். அதற்கு வழியில்லை என்றால் ஈரச் சட்டையையாவது மாற்று.

பத்து நாளில் மாறாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டு. ஒரே அளவாக, அரிப்போடு வரும் பொரி எல்லாம் பரு கிடையாது.

5 ஏப்ரல், காலை

ஆயாவை நான் லேசாக விட்டுவிட்டேன். நேற்று முழுக்க மிஷினில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயா சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2001ல் ஜெர்மனியில் டூபிங்கன் ஊர் ஆராய்ச்சியாளர்கள் வேர்வையிலேயே கிருமியை எதிர்க்கும் ஒரு சிறு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். டெர்ம்சிடின் என்று பெயர் வைத்தார்கள். வேர்வைச் சுரப்பியே அதைத் தயாரித்து அனுப்புகிறது. அப்புறம் அந்த யூரியாவும் லாக்டேட்டும் மேல்தோலில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடையில் விற்கும் க்ரீம்களிலும் அதே இரண்டும் சேர்க்கிறார்கள். ஏசியில் 11 மணி நேரம் வேர்க்காமல் இருந்தால் தோல் வறளாமல் என்ன செய்யும்?

ஆனால் ஆயா காலத்து வேர்வையும் நம் வேர்வையும் ஒன்றில்லை. என் ஆயா சோளக்காட்டில் களை எடுத்தவர். ஒற்றை நூல் புடவை, உள்ளே இறுக்கமாக எதுவும் கிடையாது. வேர்வை வந்த வேகத்தில் காற்றில் காய்ந்தது. உச்சிவெயில் நேரத்தில் கிணற்று மேட்டில் இரண்டு குடம் தண்ணீர் மேலுக்கு ஊற்றிக்கொண்டுதான் சோறு. நான் இரண்டு லேயர் துணிக்குள் காற்றில்லாத அறையில் வேர்க்கிறேன். எனக்கு நோய் வராது என்று ஆயா சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

6 ஏப்ரல்

வேர்வை ஏன் நாறுகிறது என்று கேட்ட ஓமலூர்த் தம்பிக்கு: புது வேர்வைக்கு நாற்றமே கிடையாது. அக்குளில் இருப்பது வேறு வகைச் சுரப்பி, வயசுக்கு வந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதிலிருந்து வருகிற பிசுபிசுப்பைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா தின்று செரிக்கும்போதுதான் வாடை. சின்னப் பிள்ளைகள் நாளெல்லாம் தெருவில் ஆடிவிட்டு வந்தாலும் பெரியவர்கள் போல் நாறாதது அதனால்தான்.

வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சள் பூப்பது வேர்வையால் மட்டும் இல்லை. வேர்வையை அடக்கும் வகை ஸ்ப்ரே, ஸ்டிக் இவற்றில் அலுமினிய உப்பு இருக்கும், அது வேர்வையோடும் துணியோடும் சேர்ந்து கறை பிடிக்கும். காய்ந்த பிறகு சட்டை போடு, குறையும்.

கழுத்துக் கருப்பு கேட்டவருக்கு: வேர்வையும் அழுக்கும் சேர்ந்ததுதான். பயறு மாவு போட்டுத் தினமும் நன்றாகத் தேயுங்கள்.

19 ஏப்ரல், இரவு 11.30

இதை எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். என் மகள், "எழுதும்மா, யாருக்காவது உதவும்" என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாசம், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அரிக்கத் தொடங்கியது. எங்களுக்கு அது புதிதில்லை. நாடா இறுகும் இடம் கறுத்துத் தடித்திருப்பது புடவை கட்டுகிற பாதிப் பேருக்கு உண்டு. அளவெடுக்கும்போது பார்த்திருக்கிறேன், சிலருக்கு விரல் வைத்தால் கயிறு பதிந்த பள்ளம் தெரியும். நாள் முழுக்க வேர்வை வழிந்து வந்து நிற்கும் இடம் அதுதான். முதுகு வேர்வை எல்லாம் ஓடி வந்து நாடாவில் அணை கட்டியது மாதிரி தேங்கும். அதன்மேல் கயிறு உரசும். உட்கார்ந்து பெடல் மிதிக்கிற எனக்கு இன்னும் மோசம்.

மருந்துக்கடையில் காட்டி ஒரு க்ரீம் வாங்கினேன். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. தெய்வமே என்று இருந்தது. நிறுத்தினால் ஒரு வாரத்தில் மறுபடியும். இப்படியே ஏழு மாசம். வட்டம் வட்டமாகப் படர்ந்து தொடைக்கு இறங்கிவிட்டது. ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தெளிந்து, பார்த்தாலே படர்தாமரை என்று தெரிகிற மாதிரி. தோல் காகிதம் போல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது மாதிரிக் கோடுகள். அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், அந்த மறைவில் பூஞ்சை சுகமாக வளரும். எனக்கு அது தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. சுரண்டி எடுத்துப் பார்த்து, பூஞ்சைக்கு மாத்திரையும் வேறு க்ரீமும் கொடுத்தார். மறைந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் தடவச் சொன்னார். வீட்டில் எல்லோரையும் கேட்டார், என் வீட்டுக்காரருக்கும் இருந்தது, இருவருக்கும் சேர்த்து வைத்தியம். துண்டு தனித்தனி, உள்துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, உள்பக்கம் திருப்பி இஸ்திரி. சரியாக நாலு மாசம் ஆயிற்று. கோடுகள் இன்னும் இருக்கின்றன, அவை போகாது.

அதிலிருந்து பாவாடைக்கு நாடா வைத்துத் தருவதையே குறைத்துவிட்டேன். இரண்டரை இஞ்ச் அகலப் பட்டி, முன்பக்கம் தட்டையாக, பக்கத்தில் கொக்கி. நாடாதான் வேண்டும் என்பவர்களுக்கு அதே பட்டிக்குள் தட்டை நாடா. முடிச்சைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இதைக் கவனிக்காமல் விட்டால் எதுவரை போகும் என்றால், 2024ல் நம் நாட்டு டாக்டர்களே இடுப்பில் புடவை கட்டிய இடத்தில் ஆறாத புண் புற்றாக மாறியதை மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

20 ஏப்ரல், காலை 7

நேற்றுக் கடைசி வரியைப் படித்து மூன்று பேர் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது என் தப்பு, முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அது மிக அரிது. அந்த இதழில் எழுதியிருந்தது இரண்டு பேரைப் பற்றி. இருவரும் வயதான பெண்கள், பல பத்தாண்டுகள் இடுப்பை இறுக்கிக் கட்டியவர்கள், புண் வந்தும் மாசக்கணக்கில் ஆறாமல் இருந்தது. நாடா இடத்துக் கருப்பு எல்லாம் புற்று ஆகாது. ஆனால் அங்கே வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் பவுடர் போட்டு மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடை நல்லதா என்று கேட்ட தங்கச்சிக்கு: இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்குச் சரி. சேலத்து மே மாசத்தில் காலை முதல் இரவு வரை வேண்டாம்.

4 மே

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. அதன் அப்பத்தா அம்மை என்று வேப்பிலை கட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கொப்புளத்தில் நீர் கோக்கவில்லை, துணி படும் இடத்தில் மட்டும் ஊசி குத்தினாற்போல் சிவப்பு. சட்டையைக் கழற்றி ஃபேனுக்கு நேரே போட்டதும் குழந்தை சிரித்தது. அம்மை என்றால் காய்ச்சல் வரும், நீர்க்கொப்புளம் ஒன்று புதிதாக, ஒன்று காய்ந்து, பல நிலையில் இருக்கும். சந்தேகம் என்றால் டாக்டர்தான், நானும் அப்பத்தாவும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

வேர்க்குரு என்பது வேர்வை வெளியே வரும் சின்னக் குழாய் அடைத்துக்கொள்வது. நனைந்த துணியிலேயே ஊறினால் மேல்தோல் உப்பி வாய் மூடிக்கொள்ளும். உள்ளே சுரந்தது வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே கசிந்து சுருக் சுருக் என்று குத்தும். வழியை மேலும் அடைக்கிற எதையும் பூசக்கூடாது. ஈர உடம்பில் பவுடரைக் கொட்டினால் மாவு பிசைந்தது மாதிரி ஆகிவிடும். நன்றாகத் துடைத்து, காய்ந்த தோலில் லேசாகத் தூவினால் போதும். கலாமைன் லோஷன் போடலாம். நுங்கு? எங்கள் வீட்டில் நுங்குத் தோலை வைத்துத் தேய்ப்போம், குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் மருந்து. ஈரத்துணியும் அதே வேலையைச் செய்யும். உள்ளே இருக்கும் நுங்கைத் தின்றுவிடுங்கள்.

11 மே

மாம்பழம் தின்றால் வேர்வைக் கட்டி வருமா? சேலத்துக்காரர்களிடம் இதைக் கேட்கலாமா! எங்கள் வீட்டில் மல்கோவா, இமாம்பசந்த், நடுசாலை என்று எந்த மாம்பழத்தையும் விடுவதில்லை. கட்டி என்பது மயிர்க்காலில் கிருமி புகுந்து சீழ் வைப்பது. வெயில் காலத்து வேர்வையும் உரசலும் அதற்குத் தோதான இடம் அமைத்துத் தரும். மாம்பழ மாசமும் அதுவாக இருப்பதால் பழி பழத்தின்மேல். காம்பில் வடியும் பால் மட்டும் நிஜமாகவே தோலைப் பொசுக்கும், வாயோரம் கொப்புளம் வரும். காம்பை வெட்டிப் பாலை வடித்துவிட்டு, கழுவி, தோலைச் சீவித் தின்னுங்கள்.

18 மே, ஞாயிறு

ஏற்காட்டிலிருந்து என் தங்கச்சி வந்திருக்கிறாள், காபித் தோட்டத்து வேலை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்ததுமே முந்தானை நனைந்துவிட்டது. அங்கே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், இங்கே 300கூட இல்லை. "எப்படிக்கா இந்த ஊரில் இருக்கீங்க" என்று முதல் மூன்று நாள் புலம்பல். இப்போது ஒரு வாரம் ஆகிறது, புலம்பல் குறைந்திருக்கிறது. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். பழகின உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வேர்க்கும், ஆனால் உப்பைக் குறைவாக விடும். வேர்த்த பிறகு அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகும், தரையில் சொட்டுவது ஒன்றும் செய்யாது. வேர்வையை நொடிக்கு நொடி கர்ச்சீப்பால் துடைத்துத் துடைத்து முகத்தைத் தேய்ப்பவர்கள் கவனிக்க. வழிவதை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

அவள் முதுகைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தலைக்குக் குளிக்க வைத்தபோது பார்த்தேன். தோள்பட்டையிலிருந்து நடு முதுகு வரை வெளுத்த திட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டி. நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி உதிர்ந்தது. வெண்புள்ளி என்று பயந்து ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையாம், கட்டிக்கொடுக்கிற வயசில் மகள் இருக்கிறாள். நான் அழுதுவிட்டேன்.

அது தேமல். தேமல் தரும் பூஞ்சை எல்லோர் தோலிலும் சும்மா இருப்பதுதான். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். ஒட்டுவாரொட்டி கிடையாது. குளிர் ஊரில் அவளுக்கு ஏன் வந்தது என்பதுதான் எனக்குக் குழப்பம். கேட்டால் புரிந்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலத்தில் நைட்டிமேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மழை தூறினால் பிளாஸ்டிக் ஷீட். மேட்டில் ஏறி இறங்கி உள்ளே வேர்த்துக் கொட்டும். வெளியே பனி, அதனால் கழற்றவும் முடியாது. சாயங்காலம் வரை அந்த ஈரத்தோடுதான். குளிருக்காகக் குளியலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

நாளை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

21 மே

தேமல்தான். கீட்டோகோனசோல் ஷாம்புவை முதுகில் தடவிச் சில நிமிஷம் ஊறவைத்துக் கழுவச் சொன்னார்கள். பூஞ்சை போனாலும் நிறம் திரும்பப் பல மாசம் ஆகும், அதுவரை மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம் என்றார் டாக்டர். தங்கச்சி ஆஸ்பத்திரி வாசலிலேயே மகளுக்கு ஃபோன் போட்டாள். அவளுக்குக் காட்டன் பனியன் அரை டஜன் தைத்துத் தருகிறேன், மதியம் ஒன்று மாற்றிக்கொள்ளட்டும்.

2 ஜூன்

ஏப்ரல் 6ல் கழுத்துக் கருப்பைப் பற்றி நான் எழுதியது தவறு. எடுத்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆத்தூர் நர்ஸ் அக்கா தனியாக எழுதித் திருத்தினார். கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அது அழுக்கு கிடையாது, வேர்வையும் கிடையாது. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், பின்னால் சர்க்கரை வரலாம் என்ற எச்சரிக்கை. தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்க உரசலால் இன்னும் கறுக்கும்.

வெல்வெட் என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. யூனிஃபார்ம் அளவெடுக்க வருகிற ஒரு பெண், 15 வயசு. டேப்பைக் கழுத்தில் போடும்போதெல்லாம் விரலில் அந்த மெத்தென்ற தடிப்புத் தட்டும். அவள் அம்மா நைலான் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைக்குக் கழுத்தே புண்ணாகியிருக்கிறது. "வேர்வை அழுக்கு, நல்லாத் தேய்ங்க" என்று நானும் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நேரத்தில் தெரிந்தது. அந்தப் பெண், "அப்ப நான் அழுக்கா இல்லையாக்கா" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல. கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

29 ஜூன்

என்னிடம் தையல் பழகும் பெண்ணுக்கு உள்ளங்கை எப்போதும் சொட்டும். வெண்பட்டு வேட்டிக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தால் கை பட்ட இடமெல்லாம் ஈர ரேகை. ஊசி துருப்பிடிக்கும். பயத்தில் இன்னும் வேர்க்கும். உள்ளங்கை வேர்வை வெயிலைவிட மனசுக்குத்தான் அதிகம் கட்டுப்பட்டது, அதனால் "பயப்படாதே" என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அதிகமாக்குகிறோம். இதற்கு வைத்தியம் இருக்கிறது. ராத்திரி காய்ந்த கையில் தடவும் அலுமினியம் குளோரைடு லோஷன், தண்ணீரில் கையை வைத்து லேசான மின்சாரம் செலுத்தும் முறை, போடாக்ஸ் ஊசி என்று படிப்படியாக உண்டு. முதல் படியில் இருக்கிறாள். மடியில் ஒரு காட்டன் துணி விரித்து வைத்துக்கொள்கிறாள், நேற்று ஒரு முழு வேட்டி ரேகை இல்லாமல் முடித்தாள்.

13 ஜூலை

காட்டன் காட்டன் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு ஒரு திருத்தம். ஓமலூர்த் தம்பி சொன்னது சரி. காட்டன் வேர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. ஓட்டத்தில் நனைந்த காட்டன் பனியன் ஒரு மணி நேரம் ஈரமாக ஒட்டிக்கொண்டு மார்பிலும் அக்குளிலும் உரசும். விளையாட்டுக்கென்று செய்கிற, வலை மாதிரிக் கண் வைத்த, தளர்வான பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். எங்கள் சின்னவனுக்கு இரண்டையும் ஒரே நாளில் நனைத்துக் கொடியில் போட்டுப் பார்த்தேன். பாலியஸ்டர் முதலில் காய்ந்தது. ஆக, உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் வீட்டுக்கும் தளர்வான காட்டன், ஓடுகிறவர்களுக்கு அந்தத் துணி. எதுவானாலும் நனைந்தால் மாற்றுங்கள்.

இன்னொன்று. ஆடித் தள்ளுபடிக்குக் கறுப்பு, கருநீல லைனிங் மீட்டர் கணக்கில் இறங்குகிறது. போன வருஷம் ஒரு அக்காவுக்குக் கைக்குழித் தையல் ஓரம் முழுக்கச் சிவந்து தடித்தது, நடு அக்குள் மட்டும் சுத்தமாக இருந்தது. ஸ்ப்ரேயால் வந்தால் நடுக்குழியில் வரும், துணிச் சாயத்தால் வந்தால் துணி உரசும் ஓரத்தில் வரும் என்று தோல் டாக்டர் சொன்னாராம். சிந்தெடிக் துணியின் கருஞ்சாயம் வேர்வையில் ஊறி இறங்கும். லைனிங்கைப் பிரித்து வெள்ளைக் காட்டன் வைத்துக் கொடுத்தேன், அடங்கிவிட்டது. புதுத் துணியைத் தைக்குமுன் ஒருமுறை அலசிக் கொண்டுவாருங்கள்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

நகைக்கடைத் தங்கச்சி நேற்று நேரிலேயே வந்தது. நெற்றி சுத்தம். முதுகுப் பொரிக்கு டாக்டரிடம் போனதில், பரு இல்லை, மயிர்க்காலில் பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்களாம். நடை மட்டும் ஒருநாளும் விடவில்லை. ஆயாவும் கூட நடக்கிறாராம், திரும்பும்போது இருவரும் தட்டுவடை செட் சாப்பிடுகிறார்கள், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஏசித் தோலுக்கு என்ன செய்ய என்று கேட்டது. குளித்து ஈரம் முழுசாகக் காயும்முன் கை காலுக்குத் தேங்காய் எண்ணெயோ, சாதாரண மாய்ஸ்சரைசரோ தடவு. முகத்துக்கும் முதுகுக்கும் எண்ணெய் வேண்டாம், பொரி வந்த இடம். சோப்பை உடம்பு முழுக்கத் தினமும் இரண்டு தடவை போடாதே. தோலின் மேல்பரப்பு கொஞ்சம் அமிலத்தன்மையாக, பிஎச் என்ற அளவில் 5 பக்கம் இருக்கும். சோப்பு 9, 10, அதாவது காரம். அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்குச் சோப்பு, மற்ற இடத்துக்கு ஒருவேளை தண்ணீர் போதும்.

தங்கச்சி, நேற்றுப் போட்டிருந்த கடை யூனிஃபார்ம் சுடிதார் அக்குளில் பிடிக்கிறது, கையைத் தூக்கும்போது பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் தையல் விட்டிருக்கிறார்கள். புதன்கிழமை கொண்டு வா, பிரித்து, கைக்குழியை அரை இஞ்ச் இறக்கித் தருகிறேன். துவைத்துக் கொண்டு வா.